உள்கியர் கிராங்க் வாங்கலாமா

அன்புள்ள சாமிக்கண்ணு சார்,

கடலூரில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு மேடு என்று இருப்பது கேப்பர் மலை ஒன்றுதான். மலை என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வது. திருப்பாப்புலியூரில் டீ குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தால் வாயில் சர்க்கரை கரைவதற்குள் மேலே போய்விடலாம். மற்றபடி இங்கிருந்து சிதம்பரம் வரைக்கும் அப்பளம் போட்டுக் காய வைக்கிற மாதிரி சமதரை.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறீர்கள். என் மச்சான் செம்பியனின் மவுண்டன் பைக்கை வாங்க ஆசைப்பட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று ஒரு வாரத்துக்கு எடுத்து வந்திருக்கிறீர்கள். என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அதில் பெடல் தண்டோடு மாட்டியிருக்கும் உள்கியர் கிராங்க் நம் ஊருக்கு உண்மையிலேயே பிரயோசனமா, வாங்கலாமா என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியை அது வரும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். "மாமா சொன்னா கண்ண மூடிகிட்டு வாங்குங்க" என்று செம்பியன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு மனசு குளிர்ந்தது. அவன் அப்படித்தான், எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பான்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருடம் ஒர்க் ஷாப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து 2008-இல் ஓய்வு பெற்றேன். என் மனைவி கொளஞ்சியம்மாளின் தம்பிதான் செம்பியன். எங்கள் கல்யாணத்தின்போது அவன் ஒன்றாம் வகுப்பு. இப்போது ஒரு கம்பெனியில் இன்ஜினியர். மனைவி ரேகாவோடும் மூன்று வயது மகளோடும் சிதம்பரத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நாலைந்து பேர் கடலூரிலிருந்து சைக்கிளில் புறப்படுவோம். அவன் சிதம்பரத்திலிருந்து வருவான். புதுச்சத்திரத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்து, அங்கிருந்து எல்லோரும் சேர்ந்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரைக்கும் ஒரு மிதி. மதியம் அக்கா வீட்டில் அவனுக்கு மீன் குழம்பு. இதில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. யார் வண்டியில் எது கோளாறு என்றாலும் "ராஜவேலக் கேளு" என்பார்கள். செயின் எத்தனை நாளுக்கு வரும், எந்த டயர் வாங்குவது, சீட்டு எவ்வளவு உயரம் வைப்பது, எல்லாவற்றுக்கும் என் வாய்ச்சொல்தான் முடிவு.

2009-இல் கம்பெனி அவனை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. பொங்கலுக்குத் திரும்பியவன் அந்த கிராங்கைக் கொண்டுவந்து தன் வண்டியில் பூட்டிக்கொண்டான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண கியர் சைக்கிளில் முன்னால் இரண்டு மூன்று பல்சக்கரங்கள் இருக்கும். கியர் மாற்றினால் ஒரு தகடு வந்து செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும். நடப்பதெல்லாம் கண்ணுக்கு எதிரே நடக்கும். உள்கியர் கிராங்கில் முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம். குட்டி குட்டி கியர்கள் அதன் வயிற்றுக்குள் மூடி வைக்கப்பட்டிருக்கும். மிதிக்கும் தண்டின் நடுவில் ஒரு பொத்தான். குதிகாலால் அதை ஒரு தட்டு தட்டினால், நீங்கள் ஒரு சுற்று மிதிக்க, பல்சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஓடும். மறுபக்கத்துப் பொத்தானைத் தட்டினால் பழையபடி ஒன்றுக்கு ஒன்று.

நன்மைகளை மறைக்க மாட்டேன். முன்பக்கம் செயின் கழலாது. நின்ற இடத்திலேயே கியர் மாற்றலாம். சேறு, மணல் எதுவும் கிட்டே வராது. தீமை என்று பார்த்தால், எடை ஜாஸ்தி. உள்ளே இருக்கும் கியர்கள் சுற்றும்போது உங்கள் மிதியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். உதிரி பாகம் சென்னையிலேயே கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. இந்தக் கடைசிக் குறையை நான் முதல் நாளே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் நாள் என்றால், புதுச்சத்திரம் டீக்கடை வாசல். எல்லோரும் அவன் வண்டியைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். வங்கியில் ஓய்வு பெற்ற சபாநாயகம், முட்டி வலிக்கிறது என்று கோயிலில்கூட நாற்காலி கேட்கிற மனிதர், மண்ணில் மண்டியிட்டுப் பொத்தானை அமுக்கிப் பார்க்கிறார்.

"என்னா மாமா, தள்ளி நின்னு பாக்குறீங்க?" என்றான் செம்பியன்.

நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் பத்து நிமிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவன் முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டு என் தோளில் கை போட்டான். "மாமா, ஒங்க சிலபஸ் பழசு. இது அடுத்த கிளாஸ் பாடம்" என்றான்.

சபாநாயகத்துக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், அவனுக்கு மனசில் ஒன்றும் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து பிரேக் கட்டை தேய்ந்தால்கூட "செம்பியன் வரட்டும், கேப்போம்" என்றார்கள். எனக்கு வலித்தது சார். வலிக்கவில்லை என்று எழுதினால் இந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான் பொய்யாக இருக்கும்.

நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. அதே டீக்கடையில், அதே ஆட்களுக்கு முன்னால், "நீங்க சொன்னதுதான் சரி மாமா" என்று அவன் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கு அந்த கிராங்க் தன் குறையைத் தானே காட்ட வேண்டும். அது காட்டுகிற வழியாக இல்லை. நல்ல உழைப்பாளி.

அந்த கிராங்குக்கு அவ்வப்போது ஒரு சின்னத் துளை வழியாக ஊசியில் கிரீஸ் ஏற்ற வேண்டும். "அத நீங்களே பாத்துக்குங்க மாமா. ஒங்க கை பட்டாதான் வண்டி வண்டியா இருக்கும்" என்று செம்பியனே ஊசியை என் கையில் கொடுத்தான். நானாகக் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் கிரீஸ் ஏற்றியபோது துளை வழியாகப் பழுப்பாகப் பிசின் போல ஒன்று பிதுங்கி வந்தது, அதில் பலாப்பழ வாசனை அடித்தது, ஜெர்மன்காரர்கள் கிரீஸை இப்படித்தான் செய்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை சார். அது ஜெர்மனி இல்லை. காடாம்புலியூர்.

அங்கே எனக்கு ஏழு பலா மரங்கள் உண்டு. கிராங்க் வந்த வருடம் சித்திரையில் பிஞ்சுக் காய்களின் காம்பைக் கிள்ளி ஒரு தம்ளர் பால் பிடித்து வந்தேன். கிரீஸும் பலாப்பாலும் ஒரே வெள்ளை. ஊசியில் ஏற்றினால் எது எதுவென்று தெரியாது. ஏற்றினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பியன் எங்களுக்கு முன்னாலேயே வந்து டீ குடித்து முடித்திருந்தான். "வெண்ணெ மாதிரி போவுது மாமா. என்னா பண்ணீங்க?" என்றான். பலாப்பழம் அரியும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வது எதற்கு என்று பண்ருட்டிப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எண்ணெய் பட்ட இடத்தில் பால் ஒட்டாது. கிரீஸும் எண்ணெய்ச் சரக்குதான். முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவனுக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. உள்ளே இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டு அலசி எடுத்தேன். பலாப்பாலோடு நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டு, பாகு பதம் வருகிறவரை அடுப்பில் வைத்துக் காய்ச்சினேன். படகுப் பலகையின் இடுக்கை அடைக்கிறவர்கள் பயன்படுத்துகிற குங்கிலியம்தான். கொளஞ்சியம்மாள் வந்து பாத்திரத்தைப் பார்த்தாள்.

"என்னாங்க இது, பால் காச்சுற ஏனத்துல தார் காச்சுறீங்க?"

"மாடித் தொட்டி ஒழுவுது. அடைக்கறதுக்கு."

"தொட்டி ஒழுவலியே."

"இனிமேலும் ஒழுவாது" என்றேன்.

இந்தத் தடவை வேலை சுத்தம். கிராங்க் இறுகவில்லை, சத்தம் போடவில்லை, கையால் சுற்றினால் சுற்றியது. வேகமான கியரில் மட்டும், உள்ளே இருக்கும் கியர்கள் பிசினில் நீந்த வேண்டியிருந்தது. நம் சமதரையில் அவன் நாள் முழுக்க அந்த கியரில்தான் ஓட்டுவான். வாசனை மட்டும் என் கவனக்குறைவு. கடைசித் தவணைக்குப் பழுத்த பழத்தின் காம்பில் எடுத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் இருபது நிமிடம் தாமதமாக வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நான் அவனுக்கு டீ சொல்லி வைத்திருந்தேன். வாக்கியம் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்னான்னு தெரியல மாமா, முட்லூர் தாண்டுனதும் காலு பின்னுது" என்றான்.

"வண்டில எதுனா கோளாறா?"

"சேச்சே. வண்டி சூப்பரா இருக்கு. நாந்தான் சரியில்ல."

நான் அவனுக்கு எத்தனை வாய்ப்பு கொடுத்தேன் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். அடுத்த வாரம், "அந்த கிராங்க்கு வெயிட்டு ஜாஸ்தியாச்சே" என்றேன். அதற்கடுத்த வாரம், "உள்ள என்னா நடக்குதுன்னே தெரியாது பாரு" என்று என் வாயாலேயே எடுத்துக் கொடுத்தேன். இதற்கு மேல் ஒருவன் என்ன செய்வான்? அவனோ, "அதுமேல பழி போடாதீங்க மாமா. மெஷின் பொய் சொல்லாது. எனக்கு மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது" என்றான். ஆகவே தவணையைக் கூட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாவது தவணைக்குப் பிறகு கடலூரில் ஈசிஜி எடுத்தான். கோளாறு இல்லை என்றார்கள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். ஆமாம், நான்தான் அழைத்துப் போனேன், வேறு யார் இருக்கிறார்கள்? அங்கே டிரெட்மில்லில் ஏற்றிப் பதினாலு நிமிடம் ஓட விட்டார்கள். அந்த இயந்திரத்துக்கு கிரீஸ் ஏற்றுவது வேறு யாரோ. "ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல, போய் நல்லா சைக்கிள் ஓட்டுங்க" என்று டாக்டர் சொன்னார். அவன் அவர் சொன்னபடியே செய்தான். அந்த ஞாயிறு ஆலப்பாக்கத்துக்கு வருவதற்குள் வண்டியைச் சாய்த்துவிட்டுப் புளியமர நிழலில் படுத்துவிட்டான்.

"டாக்டரு எதையோ மறைக்கிறாரு மாமா. என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்கும் நீ ஜாக்கிரதையா இருந்துக்க மச்சான்" என்றேன். அவன் கண் கலங்கினான். எனக்கும் கலங்கியது.

ஒரு நாள் சபாநாயகம், "ராஜவேலு வண்டிய எடுத்துகிட்டு ஒரு தடவ ஓட்டிப் பாரேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டார். நல்ல யோசனைதான். ஆனால் என் வண்டி பறந்தால், அவன் தன் வண்டியைக் கழற்றிப் பார்ப்பான். கழற்றினால் உள்ளே கிராங்கின் குறை தெரியாது, என் கைவேலைதான் தெரியும். அது நியாயமான சோதனை ஆகாது. அதனால் கொடுப்பதற்கு முன்னால் என் பின்பிரேக்கை, கட்டை சக்கரத்தில் லேசாக உரசுகிற அளவுக்கு, இரண்டு திருகு இறுக்கி வைத்தேன். புதுச்சத்திரத்திலிருந்து கடலூர் வரைக்கும் அவன் எங்களுக்குப் பின்னாலேயே மிதித்து வந்தான். இறங்கியதும், "இதுலயும் அதே கத தான் மாமா" என்றான். அதற்குப் பிறகு வண்டியைச் சந்தேகிக்க யாருக்கும் இடமில்லை.

கம்பெனி அவனை மூன்று வருடத்துக்கு ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு கூப்பிட்டது. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அந்நிய தேசத்தில் ஏதாவது ஆகிவிட்டால் ரேகாவும் குழந்தையும் என்ன செய்வார்கள் என்று பயந்து, வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் இடத்துக்கு அவனைவிட இளையவன் ஒருவன் போனான். செம்பியன் மாடிப்படி ஏறுவதை நிறுத்தினான். மீன் குழம்பை நிறுத்தினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார்கள். குழந்தை அவனுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

"அப்பா கீழ உக்காந்துக்கறேன்டா. நீ வந்து ஏறிக்க" என்று தரையில் உட்கார்ந்தான். தூக்கி வைத்திருக்கும்போது நெஞ்சு நின்றுவிட்டால் குழந்தை விழுந்துவிடும் என்று எட்டு மாதமாக அவன் அதைத் தூக்குவதில்லை என்று ரேகா அடுப்பங்கரையில் என் மனைவியிடம் சொன்னாள். இரண்டு பேரும் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார்கள். நான் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வஞ்சிரம். எனக்கும் மனசு கேட்கவில்லை. போதும், சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவன் என் பக்கம் திரும்பி, "என் ஒடம்பு மட்டும் நல்லா இருந்திருந்தா அந்தக் கிராங்க்க வச்சி இமயமலையே ஏறியிருப்பேன் மாமா" என்றான். நான் இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டேன்.

போன டிசம்பர் கடைசியில் வந்த 'தானே' புயலில் காடாம்புலியூரில் என் ஏழு மரமும் சாய்ந்துவிட்டன. பால் இனிமேல் கிடையாது. ஆனால் தேவையும் இருக்கவில்லை. அவன் அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே சைக்கிளைத் தொடுவதை விட்டுவிட்டான். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதுகூட நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் நடக்கிறான். நான் நிறுத்திய பிறகும் அவன் நோய் நிற்கவில்லை என்றால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? பிசின் கிராங்கில்தான் இருக்கிறது. அவன் நெஞ்சில் நான் எதையும் ஏற்றவில்லை.

முதல் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. நேர்மையாக எழுதுகிறேன், உங்களோடு இருக்கட்டும். அவன் கிராங்கைப் பூட்டிய புதிதில், பொங்கலுக்கு அக்கா வீட்டில் வந்து தங்கிய ஒரு வாரம், வண்டி எங்கள் வீட்டில் இருந்தது. விடிந்தும் விடியாமலும் நான் அதை எடுத்துக்கொண்டு கேப்பர் மலைக்குப் போனேன். சமதரையில் குதிகாலால் ஒரு தட்டு தட்டினேன். வண்டி தானாக முன்னால் பாய்ந்தது. மேடு வந்ததும் மறுபக்கம் தட்டினேன். சத்தமே இல்லை, மூச்சு வாங்கவே இல்லை. உச்சியில் இருக்கும் ஜெயிலின் வாசல் காவலர் ஒரு மாதிரியாகப் பார்த்தபோதுதான் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. மூன்று தடவை ஏறி இறங்கினேன். திரும்பி வந்து டயரில் இருந்த செம்மண்ணைத் துடைத்து, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே நிறுத்தினேன். அறுபது வயதில் அதைவிட நல்ல கிராங்கை நான் மிதித்ததில்லை. டீக்கடையில் நான் பத்து நிமிடம் பேசியது அதற்கு மறுநாள்.

ஆகவே வாங்காதீர்கள். நீங்கள் வாங்கினால் அலசிச் சுத்தம் செய்துவிடுவீர்கள், பிறகு அது பறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் புதுச்சத்திரம் பக்கம் அதில் வந்தால் சபாநாயகம் மறுபடியும் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுவார். வண்டியைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். உள்கியர் கிராங்க் நம் ஊருக்கு உதவாது, ராஜவேல் சார் அன்றைக்கே சொல்லியிருக்கிறாரே என்று மட்டும் செம்பியனிடம் சொல்லுங்கள். மற்றதைச் சொல்ல வேண்டாம், அது குடும்ப விஷயம்.

நீங்கள் சொல்லும்போது அவன் என்ன சொல்கிறான் என்று காது கொடுத்துக் கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். "மாமா சொன்னதுதான் சரி" என்று அவன் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை வந்துவிட்டால் போதும், அடுத்த பஸ்ஸில் நானே போய் அவன் நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, குழந்தையைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிடுவேன். மச்சானைத் தவிக்க விட்டு வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை சார் நான்.